பால்பல்தானே என்று விட்டது

மகனுக்கு நாலு வயதுவரை ராத்திரி பால்குப்பி வாயில் இருந்தால்தான் தூக்கம். மார்த்தாண்டத்தில் வீடு, தேனுக்குப் பஞ்சமில்லை. சீனி கெடுதல் என்று என் அம்மா பாலில் கொஞ்சம் தேன் விட்டுக் கொடுப்பார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மேல்வரிசை முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. பால் காய்ந்திருக்கிறது என்று துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. சில மாதத்தில் அது பழுப்பாகிவிட்டது. "பால்பல்தானே மக்களே, விழுந்து முளைக்கும்" என்றார் அம்மா. பக்கத்தில் ஒரு கிளினிக்கிலும் அதையே சொல்லி வலி மருந்து எழுதித் தந்தார்கள்.

அப்புறம் ஒருநாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய அழுதான். காலையில் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினோம், குழந்தைகளுக்கான பல் டாக்டரிடம். எக்ஸ்ரேயில் கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தை நரம்பு வரை இறங்கியிருந்தது. பிடுங்கிவிடலாமா என்று கேட்டேன். "இது தானா விழ இன்னும் ஆறேழு வருஷம் ஆகும். இப்பவே எடுத்தா பக்கத்துப் பல் சாய்ஞ்சு, அடியில வர்ற பல்லுக்கு இடம் இருக்காது" என்றார். மூன்று தடவை போய் நரம்பை எடுத்து, மருந்து அடைத்து, மேலே ஸ்டீல் கேப் போட்டோம். மற்ற பற்களில் சொத்தை வராமலிருக்க ஃப்ளோரைடு வார்னிஷ் என்ற பூச்சைத் தடவினார்கள். அது இரண்டு நிமிட வேலை.

தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இனிப்புப் பால் பல்லிலேயே தேங்குமாம். கீழ் முன்பற்கள் தப்பியது நாக்கு அவற்றை மூடிக்கொண்டிருந்ததால். ஒரு வயதுக்கு முன் தேனை நாக்கில் வைக்கவே கூடாது என்பதையும் அங்கேதான் கேட்டேன். அம்மா முகம் வாடிவிட்டது.

சிகிச்சையைவிடக் குப்பியை நிறுத்தியதுதான் பாடு. தேனை நிறுத்தினோம்; பிறகு தினமும் பாலில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனோம். ஆறாம் நாள் அவனே குப்பியைத் தூக்கி எறிந்தான். ராத்திரி அவன் தலையை மடியில் வைத்து நானே பல் தேய்த்துவிட்டேன். ஃப்ளோரைடு பேஸ்ட், பட்டாணி அளவு. துப்பினால் போதும், வாய் கொப்பளிக்க வேண்டாம் என்றார் டாக்டர். அதை அம்மா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆறு வயதில் பால்பல் எதுவும் விழாமலே பின்னால் புதுக் கடைவாய்ப்பல் முளைத்திருந்தது. அதுதான் ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். அதன் ஆழமான பள்ளங்களில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் துணுக்கு அப்பிக்கொண்டால் பிரஷ் எட்டாது. அதனால் பள்ளங்களை மூடும் சீலன்ட் என்ற பூச்சைப் போட்டோம். பல்லைப் பஞ்சு வைத்துக் காயவிட்டு, புளிப்பாக ஒரு ஜெல் தடவிக் கழுவி, பூச்சு வைத்து நீல வெளிச்சம் காட்டினார்கள். வலியே இல்லை. ஊசி உண்டா என்று நாலு தடவை கேட்டவன், முடிந்ததும் அந்த விளக்கைக் கேட்டான்.

ஆறு மாதம் கழித்துக் காட்டப் போனபோது ஒரு பல்லில் பூச்சு கொஞ்சம் பெயர்ந்திருந்தது. திரும்பப் பூசிவிட்டார்கள்.