"உங்களுக்கு இது போதும்மா"

பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றும் அம்மா. தொப்புள் ஹெர்னியா, அதாவது குடலிறக்கம், துளை 2 செ.மீ. சர்க்கரை உண்டு, உடம்பும் கனம். நேரடியாகக் கீறிச் செய்கிற ஓப்பனில் செய்தேன். வயிற்றின் உள்சவ்வான பெரிட்டோனியத்துக்கும் தசைக்கும் நடுவில் சாதாரண பாலிப்ரொப்பிலீன் மெஷ், அதாவது பிளாஸ்டிக் வலை, துளையைச் சுற்றி 3 செ.மீ. தாண்டி நிற்கிற மாதிரி.

மெஷ் வைத்ததில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த 300 பேர் ஆய்வில், 1 முதல் 4 செ.மீ. துளைகளுக்கு வெறும் தையல் போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, மெஷ் வைத்தவர்களில் 4 சதவீதம்தான். தசைக்கு மேலேயே வைத்திருந்தால் எனக்குச் சுலபம், ஆனால் நீர் கோத்துக்கொள்ளும். அதையும் செய்யவில்லை.

பத்தாம் நாள் காயத்தில் சீழ் வைத்தது. மெஷ் தப்பித்தது, ஆனால் மூன்று வாரம் டிரெஸ்ஸிங்குக்கு பஸ் ஏறி வந்தார், வந்த நாளெல்லாம் பீடிக்கூலி போச்சு. ஒரு நாள் பஞ்சை எடுக்கும்போது, "சின்ன ஓட்டை போட்டு கேமராவுல பண்றாங்களாமே டாக்டர், எனக்கு ஏன் சொல்லல?" என்றார். கோபமெல்லாம் இல்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான். "அது பெரிய துளைக்கும்மா, உங்களுக்கு இது போதும்" என்றேன்.

பொய் இல்லை. ஐரோப்பிய, அமெரிக்க ஹெர்னியா சங்கங்களின் 2020 வழிகாட்டுதலும் இந்த அளவுக்கு ஓப்பனைத்தான் சொல்கிறது. ஆனால் காயத்தில் தொந்தரவு வரக்கூடியவர்களுக்கு லேப்ராஸ்கோப்பியை, அந்த அம்மா கேட்ட கேமரா முறையை, யோசிக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. சர்க்கரையும் கனத்த உடம்பும் உள்ளவரை விட்டால் அது வேறு யாரைச் சொல்கிறது?

சரி, கேமரா வழியாக வயிற்றுக்குள்ளேயே மெஷ் வைக்கிற ஐபோம் செய்திருந்தால் மெஷ் குடலைப் பார்த்தபடி உள்ளே கிடக்கும். ஒட்டாத பூச்சு உள்ள மெஷ் வேண்டும், விலை பல மடங்கு. மெஷ்ஷைக் குத்திப் பொருத்துகிற டாக்கர் கருவியின் செலவு தனி, அது குத்திய இடத்தில் வலியும் இருக்கும். காரணம் கேட்டால் இப்படி அடுக்க முடிகிறது. அன்றைக்கு ஓ.பி.யில் இதையெல்லாம் யோசித்தேனா, இல்லை அந்த மஞ்சள் பையையும் தேய்ந்த செருப்பையும் பார்த்ததுமே முடிவு பண்ணிவிட்டேனா? சொல்லியிருந்தால் நகையை அடகு வைத்திருப்பார், நல்லவேளை சொல்லவில்லை என்றும் சில நாள் தோன்றும். ஆனால் நகை அவருடையது.

அப்புறம் எல்லாரிடமும் இரண்டு முறையையும் படம் போட்டுச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். முதலில் உட்கார்ந்தவர் கார் சாவியை மேசையில் வைத்தார். நிதானமாகக் கேட்டுவிட்டு ஓப்பனே போதும் என்றார். போன வாரம் வந்தவர் லுங்கி நெய்கிறவர், வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். ஸ்கேனைப் பார்த்துவிட்டு "உங்களுக்கு" என்று ஆரம்பித்து நிறுத்தினேன். பேனாவை எடுத்தேன். அதற்குள் அவரே, "எது செலவு கம்மியோ அதைப் பண்ணிடுங்க சார்" என்றார். படம் போடவில்லை.