லூவருக்குத் திட்டமிடுவது: அறை எண்களை வைத்து ஒரு வழி

பாரிஸ் பயணத் திட்டம் போடுகிறவர்கள் "லூவர், 2 மணி நேரம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் இருப்பது 400க்கும் மேற்பட்ட அறைகள், காட்சியில் மட்டும் சுமார் 35,000 பொருட்கள். அரசர்கள் வாழ்ந்த அரண்மனை அது; 1793இல்தான் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். படிக்கட்டுகளும் கூடங்களும் பார்வையாளரின் வசதிக்காகக் கட்டப்பட்டவை அல்ல. எங்கே போகிறோம் என்று தெரியாமல் நுழைந்தால் அந்த இரண்டு மணி நேரத்தில் பாதி, படி ஏறி இறங்குவதிலும் வந்த வழியே திரும்புவதிலும் போய்விடும்.

எதைப் பார்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். அதற்கு முன் நாளும் நேரமும்.

செவ்வாய்க்கிழமை லூவர் மூடியிருக்கும். ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களிலும் திறப்பதில்லை. மற்ற நாட்களில் காலை 9 முதல் மாலை 6 வரை. புதன், வெள்ளி மட்டும் இரவு 9 வரை. கடைசி நுழைவு மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. அரை மணி இருக்கும்போதே காவலர்கள் அறைகளைக் காலி செய்யத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே "9 மணி வரை" என்பதை 8.30 என்றே கணக்கு வையுங்கள்.

பயணத் தேதியில் கொஞ்சமாவது கை வைக்க முடியுமானால் புதன் அல்லது வெள்ளி மாலையைத் தேர்ந்தெடுங்கள். பகல் முழுக்கக் குழு குழுவாக வந்த சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் மாலை 6 மணியோடு வடிந்துவிடும். ஓர்சே அருங்காட்சியகம் திங்களன்று மூடியிருப்பதால் அன்றைய கூட்டமும் லூவர் பக்கம் திரும்பும். திங்களும் சனி, ஞாயிறும் முடிந்தால் தவிர்க்க வேண்டிய நாட்கள். மாலை வாய்க்காதவர்களுக்கு அடுத்த நல்ல நேரம் காலை 9 மணி டிக்கெட்தான். 11 மணி டிக்கெட் எடுப்பவர்கள் கூட்டத்தின் உச்சியில் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

டிக்கெட்டை லூவரின் சொந்த இணையதளத்தில், நேரம் குறித்து, முன்பதிவு செய்யுங்கள். 2026 ஜனவரி 14 முதல் இரண்டு விலை. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைனும்) வெளியிலிருந்து வருவோருக்கு 32 யூரோ, அந்தப் பகுதியினருக்கு 22 யூரோ. இந்தியா, இலங்கை, மலேசியாவிலிருந்து போகிறவர்களுக்கு 32தான். லண்டனிலிருந்து ரயிலில் வரும் உறவினர்களுக்கும் அதே 32. பிரிட்டன் இப்போது அந்தப் பகுதிக்கு வெளியே. 18 வயதுக்கு உட்பட்டோர் எந்த நாட்டவரானாலும் இலவசம். வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பல அருங்காட்சியகங்களுக்கும் சேர்த்து ஒரே கட்டணமான பாரிஸ் மியூசியம் பாஸ் வைத்திருப்பவர்கள் பலர் அது போதும் என்று நினைத்து வந்து திண்டாடுகிறார்கள். பாஸ் பணத்துக்கு ஈடு, நேரத்துக்கு அல்ல. லூவருக்கு நேர முன்பதிவைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டும்.

தேடுபொறியில் முதலில் வருகிற இடைத்தரகர் தளங்களில் "வரிசையில் நிற்க வேண்டாம்" என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள். பாதுகாப்புச் சோதனை வரிசையில் எல்லோரும்தான் நிற்க வேண்டும். விசா கைக்கு வந்ததும் முதல் வேலையாக லூவர் டிக்கெட்டை எடுங்கள். கோடை விடுமுறைக் காலத்தில் நல்ல நேரங்கள் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துபோகும்.

போகிற நாளன்று காலையில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, ஊழியர்களின் வேலைநிறுத்த அறிவிப்பு ஏதும் உண்டா என்று. இன்னொன்று, எந்த அறைகள் அன்று மூடியிருக்கும் என்று லூவர் வெளியிடும் பட்டியல். ஆட்கள் போதாமல் சில பகுதிகளைச் சில நாட்களில் அடைத்துவிடுவது அங்கே வழக்கம். குறிப்பாக 2025 அக்டோபர் 19 அன்று அரச நகைகள் திருடுபோன அப்போலோ கூடத்தை மனதில் வைத்துப் போகிறவர்கள், அது திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எல்லோரும் வரிசை கட்டுவது கண்ணாடிப் பிரமிடின் வாசலில். ரிவோலி தெரு 99ஆம் எண்ணில் இறங்கினால் கரூசெல் என்ற நிலத்தடிக் கடைவீதி. தலைகீழ்ப் பிரமிடைத் தாண்டினால் இன்னொரு வாசல். மழையிலும் வெயிலிலும் நிற்க வேண்டாம் என்பதற்காகவே அதைப் பரிந்துரைக்கலாம். மெட்ரோ 1 அல்லது 7இல் பலே ருவாயால் – மியூசே டு லூவர் நிலையத்தில் இறங்கினால் தரைக்கு மேலே வராமலே அங்கே போய்விடலாம். 1ஆம் எண் மெட்ரோவில் ஜேப்படிக்காரர்கள் அதிகம். பையை முன்னால் மாட்டுங்கள். மோனாலிசா அறையிலும் அப்படியே.

55 × 35 × 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பைகள் உள்ளே வரக்கூடாது. விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே வருவது நடக்காது. சிறிய பை, குடை, கோட்டு ஆகியவற்றைப் பிரமிடுக்குக் கீழே உள்ள இலவச லாக்கரில் வைக்கலாம். குளிர்காலக் கோட்டைச் சுமந்துகொண்டு மூன்று மணி நேரம் நடப்பது பெரிய அவதி, கட்டாயம் வைத்துவிடுங்கள். செல்ஃபி குச்சிக்கும் ஃபிளாஷுக்கும் தடை.

இனி அறை எண்கள்.

பிரமிடுக்குக் கீழே உள்ள கூடத்திலிருந்து மூன்று பகுதிகளுக்கு வழி பிரியும்: டெனோன், சுல்லி, ரிஷ்லியூ. மூன்றும் சேர்ந்தது ஒரு லாட வடிவம். ஒவ்வொரு அறைக்கும் மூன்று இலக்க எண் உண்டு. முதல் இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தால் வரைபடமே அதிகம் தேவைப்படாது. 100கள் என்றால் கீழ்த்தளம். 200, 300, 400 மூன்றும் தரைத்தளம். முறையே ரிஷ்லியூ, சுல்லி, டெனோன். 500, 600, 700 முதல் மாடி, அதே வரிசை. 800 ரிஷ்லியூ இரண்டாம் மாடி, 900 சுல்லி இரண்டாம் மாடி. டெனோனுக்கு இரண்டாம் மாடி கிடையாது. இப்போது உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு படைப்பின் பக்கத்திலும் எண்ணை எழுதிப் பாருங்கள். 711, 345, 227, 837 என்று வந்தால் கட்டடம் முழுக்க ஓட வேண்டியிருக்கும் என்பது தாளிலேயே தெரிந்துவிடும். மூன்று மணி நேரத்துக்கு இரண்டு பகுதி போதும்.

711தான் மோனாலிசா. 77 × 53 சென்டிமீட்டர். வீட்டுக் கூடத்தில் மாட்டும் தாத்தா படத்தின் அளவு. கண்ணாடிக்குப் பின்னால், தடுப்புக்குச் சில மீட்டர் அப்பால், நூறு கைபேசிகளுக்கு மேலே தெரியும். நண்பகலில் நீண்ட வளைவு வரிசையில் நகர்ந்து முன்னால் போய்ச் சேர்ந்தால் ஒரு நிமிடம்கூட நிற்க விடமாட்டார்கள். முதலிலேயே அங்கே ஓடாதீர்கள். மாலையில் போனால் 8 மணிக்கு, கடைசி அரை மணியில் போங்கள். காலை 9 மணிக்காரர்கள் மட்டும் நேரே அங்கே போகலாம்.

அந்த அறைக்குள் போனதும் ஒரு முறை திரும்பி எதிர்ச்சுவரைப் பாருங்கள். வெரோனேசே 1563இல் முடித்த 'கானா ஊர்த் திருமணம்', கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம். லூவரின் ஆகப் பெரிய ஓவியம், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் கூட்டத்துக்குப் பின்னால். 1797இல் நெப்போலியனின் படை வெனிஸ் மடத்துச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து எடுத்து வந்தது. தண்ணீர் திராட்சை ரசமாகிற அற்புதத்தை வலக்கோடியில் ஜாடியிலிருந்து ஊற்றுகிறவரிடமிருந்து பார்க்கத் தொடங்கினால் படம் கதையாக விரியும்.

மோனாலிசாவை வரைந்த லியோனார்டோவின் வேலையை அருகில் நின்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு உண்மையான இடம் 710. மோனாலிசா அறைக்கு வெளியே உள்ள நீண்ட கூடத்தில் 'பாறைகளின் கன்னி', 'புனித அன்னா', திருமுழுக்கு யோவான் முதலிய அவருடைய ஓவியங்கள் தடுப்பு வரிசை இல்லாமல் தொங்குகின்றன. நிழல் ஒளிக்குள் கரைகிற அவருடைய தூரிகை வேலை இங்கேதான் கண்ணுக்குப் பிடிபடும். மோனாலிசாவுக்காக வந்தவர்கள் இந்தச் சுவரை வேகமாகக் கடந்து போவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

703, டாரு படிக்கட்டின் தலைப்பில் சாமோத்ராஸ் தீவின் வெற்றித் தேவி. 1863இல் துண்டு துண்டாகக் கிடைத்தது. நேரே நின்று படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். சிலையின் வலச்சிறகு பிற்காலத்தில் சாந்தில் செய்து சேர்த்தது; சிற்பி நுணுக்கம் காட்டியது இடப்பக்கத்தில். நமக்கு வலப்பக்கம் சாய்வாக நின்றால் காற்றில் உடலோடு ஒட்டும் ஈரத்துணி மடிப்புகள் முழுதாகத் தெரியும். 700, 702 ஆகிய சிவப்புச் சுவர் கூடங்கள் பக்கத்திலேயே: டெலக்ருவா, ஜெரிக்கோ, டேவிட் ஆகிய பிரெஞ்சு ஓவியர்களின் படங்கள். டெனோனுக்கு இவ்வளவு போதும். 403இல் மைக்கேலாஞ்சலோவின் இரண்டு அடிமைச் சிலைகள், படி இறங்குகிற வழியில்.

இரண்டாவது பகுதியாக ரிஷ்லியூவை எடுங்கள் என்பதே என் பரிந்துரை. 1989 வரை பிரான்ஸின் நிதி அமைச்சகம் இருந்த இடம், 1993இல்தான் அருங்காட்சியகமாகத் திறந்தது. கூட்டம் இங்கே மெலிந்துவிடும். 227இல் பழைய பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டக் கல்: 2.25 மீட்டர் உயரக் கருங்கல் தூண், உச்சியில் அரசனும் கதிரவக் கடவுளும், கீழே சுற்றிலும் ஆப்பெழுத்து. நம் கோயில் சுவர்க் கல்வெட்டுகளைத் தடவிப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கல்லின் முன் கால் நகராது. அடுத்து 229, அசீரிய அரண்மனையின் மனிதத் தலைச் சிறகுக் காளைகள். குழந்தைகளைக் கால்களை எண்ணச் சொல்லுங்கள்: முன்னால் நின்றால் இரண்டு, பக்கவாட்டில் நான்கு, மொத்தம் ஐந்து. நிற்பதும் நடப்பதும் ஒரே கல்லில் தெரிவதற்காகச் சிற்பி செய்த உத்தி அது.

மேலே 837இல் வெர்மீரின் 'சரிகை பின்னுபவள்'. 24 × 21 சென்டிமீட்டர்தான், உள்ளங்கை இரண்டின் அகலம். 801இல் ரூபன்ஸின் 24 ஓவியங்கள் ஒரே கூடத்தில். இந்த மாடிக்கு வெளிச்சம் பெரும்பாலும் கூரைக் கண்ணாடி வழியே வருகிறது. குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கே இருட்டிவிடும். அப்போது போகிறவர்கள் 800களை முதலில் முடித்துக்கொண்டு டெனோனைக் கடைசியில் வைத்தால் இரண்டும் நன்றாக அமையும்.

சிறு பிள்ளைகளோடு போனால் ரிஷ்லியூவுக்குப் பதில் சுல்லி. கீழ்த்தளத்தில் பழைய கோட்டையின் அகழிச் சுவர், 338இல் தானிஸ் ஊரின் ஸ்ஃபிங்ஸ், 635இல் கண் மின்னும் எழுத்தர் சிலை, 345இல் மிலோவின் வீனஸ். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிள்ளைகளை இழுக்காதீர்கள்.

வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்குப் படிகள்தான் பெரிய இடைஞ்சல். லிஃப்ட் உண்டு, ஆனால் ஒரே லிஃப்ட் எல்லாத் தளத்துக்கும் போகாது. வழியில் உள்ள ஊழியரிடம் அறை எண்ணைக் காட்டிக் கேட்பதே விரைவு. சக்கர நாற்காலியை அடையாள அட்டை கொடுத்து இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் நன்றாக நடப்பவர்களும் பளிங்குத் தரையில் இரண்டு மணி நேரத்தில் களைத்துவிடுவார்கள். கூச்சப்படாமல் வாங்குங்கள்.

வெளியே போனால் அதே டிக்கெட்டில் திரும்ப நுழைய முடியாது. சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள். முடித்ததும் இட்லி, கொத்துரொட்டி வேண்டுமென்றால் 7ஆம் எண் மெட்ரோவில் ஸ்டாலின்கிராட், அங்கே 2ஆம் எண்ணுக்கு மாறினால் ஒரே நிறுத்தத்தில் லா ஷப்பேல். தெரு முழுக்கத் தமிழ்ப் பலகைகள்.

லூவரில் இல்லாததையும் சொல்லிவிட வேண்டும். வான்கோ, மோனே ஓவியங்கள் ஓர்சேயில்தான். ஓவியத்தைப் பொறுத்தவரை லூவர் 1848ஐ ஒட்டி நின்றுவிடும். சோழர் செப்புத் திருமேனியைத் தேடியும் லூவரில் அலையாதீர்கள். 1945இல் லூவரின் ஆசியக் கலைப் பொருட்கள் கீமே அருங்காட்சியகத்துக்குப் போயின, கீமேயின் எகிப்தியப் பொருட்கள் லூவருக்கு வந்தன. 11ஆம் நூற்றாண்டு நடராசர் ஒருவர் கீமேயில் இருக்கிறார். மெட்ரோ 9, இயேனா நிலையம். அதுவும் செவ்வாய்க்கிழமை விடுமுறை, டிக்கெட் தனி.