மேற்குப் பாத்தி ப்ரீ ஃபேடர்

மாமா இப்பதான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறார். வழக்கம்போலப் படலையைச் சாத்தவில்லை. அதைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் அது தனிப் பதிவு.

பூங்காவனத்தன்று எங்கள் கோயிலில் திருவூஞ்சல் பாடுவது எப்போதும் மாமாதான். இந்த முறை அதைப் பதிந்து கனடாவில் இருக்கிற ஊர்ச்சனத்துக்கு அனுப்பவேண்டுமென்று சபையில் தீர்மானம். "உங்கட மருமோனிட்ட மைக் கிடக்குத்தானே?" என்று பொருளாளர் கேட்க, என்னை ஒரு வார்த்தை கேளாமல் மாமா ஓம் சொல்லிவிட்டார். மைக் கிடக்கிறதுதான். கொண்டென்சர் மைக், மைக்கை லப்டொப்போடு கொழுவுகிற இரண்டு ஓட்டை இன்டர்ஃபேஸ் பெட்டி, 48 வோல்ட் பொத்தான், எல்லாம் கிடக்கிறது. எந்தச் சத்தம் எங்கே வெளிக்கிட்டு எங்கே போய்ச் சேருகிறது என்பது மட்டும் இரண்டு வருசமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு மாமா வந்தார். பட்டு வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு. மைக்குக்குக் கண் கிடையாது என்று யார் அவருக்குச் சொல்வது? ஹெட்போனை மாட்டிவிட்டுச் சுருதியைப் போட்டேன். திரையில் பச்சைக் கோடு துள்ளுகிறது, மாமாவின் காதில் மூச்சுப் பேச்சில்லை. நான் ஒவ்வொரு பொத்தானாக அமத்திக்கொண்டிருக்க, குசினிக்குள்ளிருந்து அம்மா கத்தினார்: "டேய், உந்த ஸ்பீக்கருக்குள்ள தம்புரா இழுக்குது. நான் ஒண்டையும் தொடேல்லை!"

காலையில் பக்திப் பாட்டுப் போட்ட புளூடூத் ஸ்பீக்கரை லப்டொப் ஞாபகமாய்த் தேடிப்பிடித்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய இன்டர்ஃபேஸ் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருக்கிறது, அதைக் கண்டுகொள்ளவில்லை.

அதைத் திருத்தினால் அடுத்தது. மாமா முதல் அடியைப் பாடிவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"எனக்குப் பின்னால ஆரோ ஒருத்தன் பாடுறான்."

"அது நீங்கள்தான் மாமா."

"நான் இஞ்ச இருக்கிறன். அவன் கிணத்தடியில நிக்கிறான்."

சும்மா சொல்லவில்லை மனுசன். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்த்துவைத்து அனுப்புகிற பஃபர் 512 சாம்பிளில், அதாவது 512 சத்தத் துணுக்கில், இருந்தது. செக்கனுக்கு 48000 சாம்பிள் வேகத்தில் அது உள்ளே வர ஏறக்குறைய 11 மில்லிசெக்கன், வெளியே போக இன்னொரு 11. அவ்வளவு நேரத்தில் சத்தம் காற்றில் ஏழு மீட்டர் போகும். எங்கள் அறையிலிருந்து கிணத்தடியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இன்டர்ஃபேஸில் நேரடியாகக் கேட்கிற பொத்தானைப் போட்ட நான், மென்பொருளுக்குள்ளால் சுற்றி வந்து கேட்கிற மொனிட்டரை நிற்பாட்ட மறந்துவிட்டேன். ஒரு மாமா உடனே வந்தார், மற்ற மாமா சுற்றுப்பாதையால் வந்தார்.

இந்த இடத்தில் மாமாவுக்குப் பழைய கதை வந்துவிட்டது. வரும் என்று உங்களுக்கும் தெரியும். 1990க்குப் பிறகு கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட கதை. "எங்களுக்கு ஒரே வயர். டைனமோவில இருந்து ரேடியோவுக்கு. சத்தம் வராட்டி பெடல் சுத்துறவன் நித்திரை எண்டு அர்த்தம். ஒரு குட்டு, சத்தம் வந்திடும்." சுற்றியவர் சின்னப் பெடியனாக இருந்த என் அப்பா. குட்டியவர் யார் என்று நான் கேட்கவில்லை.

ஒருமாதிரி ஐந்து பாட்டும் பதிந்து முடிந்தது. எக்கோ கொஞ்சம் வேணும், கோயிலில் பாடுகிற மாதிரி இருக்கவேணும் என்றார். எக்கோ உண்டாக்குகிற ரிவேர்ப் பஸ்ஸுக்குக் குரலைப் பிரித்து அனுப்ப ஒரு சென்ட் போட்டேன். குரல் பெரிதாகக் கேட்கிறது என்று, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை இறக்கினேன். எக்கோ இறங்கவில்லை. இன்னும் இறக்கினேன். அடிமட்டத்துக்கே கொண்டுபோய்விட்டேன். குரல் செத்துவிட்டது, ஆனால் கிணற்றுக்குள் விழுந்தவர் "ஆடீர் ஊஞ்சல்" என்று கூப்பிடுகிற மாதிரி ஒரு ஓசை மட்டும் வந்துகொண்டேயிருந்தது. அம்மா எட்டிப்பார்த்து, "அண்ணை உயிரோட இருக்கேக்க ஏன்டா இப்பிடிச் செய்யிறாய்?" என்றார்.

முக்கால் மணித்தியாலம். ரூட்டிங் கட்டங்களைத் திறந்தேன், மூடினேன், கணினியை நிற்பாட்டிப் போட்டேன். அதுவரை பேசாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மாமா கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"உதில தண்ணி எங்க இருந்து வருது?"

"மைக்கில இருந்து."

"எத்தினை வாய்க்காலால போகுது?"

"ரெண்டு. ஒண்டு மாஸ்டருக்கு, மற்றது ரிவேர்ப்புக்கு."

"நீ எதில கட்டுறாய்?"

ஃபேடரைக் காட்டினேன். கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார்.

"மடையா. மற்ற வாய்க்கால் உன்ர கட்டுக்கு மேலயே வெட்டுப்பட்டுக் கிடக்கு. நீ கீழ நிண்டு மண்ணைப் போட்டு அணைச்சு என்ன பிரயோசனம்?"

போய்ப் பார்த்தால், ப்ரீ ஃபேடர். ஃபேடருக்கு முதலே பிரிந்து போகிற வாய்க்கால். போன மாதம் கூட்டாளி ஒருத்தனுக்கு ஹெட்போன் மிக்ஸ் செய்தபோது வைத்த சென்ட், அந்த டெம்ப்ளேட்டோடு அப்படியே வந்திருக்கிறது. ஃபேடருக்குப் பிறகு பிரிகிற போஸ்ட் ஃபேடருக்கு மாற்றினேன். கிணறு அடங்கியது. நாற்பது வருசம் வெங்காயத்துக்குத் தண்ணி மாறின ஆளுக்கு இரண்டு நிமிசம் எடுத்தது. நான் பார்த்த காணொளிகளின் எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன்.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மாமா சும்மா உதவி செய்கிற ஆள் இல்லை. நேற்று விடியக்காலை தோட்டத்தில் நான் தண்ணி மாறவேண்டும் என்பது கூலி. வோட்டர் பம்ப் இரைய, கையில் மண்வெட்டி, முழங்கால்வரை சேறு. திறக்கவேண்டியதைக் கட்டி, கட்டவேண்டியதைத் திறந்து, மேற்குப் பாத்தி காய்ந்தபடி கிடக்க, பக்கத்துக் காணி மரவள்ளிக்கு ஒரு மணித்தியாலம் நல்ல பாய்ச்சல்.

அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருந்தார், அம்மாவிடம். "உன்ர மோன் மேற்குப் பாத்தியை ப்ரீ ஃபேடரில விட்டிட்டான்." சொல்லிவிட்டுச் சால்வையில் முடிந்து கொண்டுவந்த வெங்காயத்தைக் குசினி மேசையில் கொட்டினார். "கனடாவுக்கு அனுப்பினியோ? என்ன சொன்னவை?" என்று என்னைக் கேட்டார். நல்லாயிருக்காம் என்றேன். உண்மையில் இன்னும் அனுப்பவில்லை. மூன்றாம் பாட்டுக்கும் நாலாம் பாட்டுக்கும் இடையில் மெல்லிசாக ஒரு தம்புரா ஓடுகிறது, அது எந்த வாய்க்காலால் வருகிறதென்று

பொறுங்கோ. படலைக்குள்ளால் ஆடு.