மோட்டாரைக் கடைசியில் பாருங்கள்

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அக்கா மகன் ரேடியோ கண்ட்ரோல் விமானம் ஒன்று கட்டுகிறான். "மாமா, எந்த மோட்டார் வாங்கட்டும்?" என்று கேட்டான். முதலில் தராசில் வைத்து எடையைச் சொல் என்றேன்.

சிங்கப்பூரில் எடைதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. 250 கிராமைத் தாண்டினால் விமானத்தைப் பதிவு செய்யவேண்டும். 1.5 கிலோவைத் தாண்டினால் ஓட்டுபவர் அடிப்படைப் பயிற்சியும் முடித்திருக்கவேண்டும். அனுமதி இல்லாமல் கடல்மட்டத்திலிருந்து 200 அடிக்கு மேல் ஏறவும் கூடாது. அது சுமார் இருபது மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் உயரம். அதற்குள் பறக்க, செங்குத்தாக ஏறும் சக்தி எதற்கு? நிதானமாகத் திரும்பி, மெதுவாக இறங்கும் விமானமே இங்கே சுகம்.

அவனுடையது மேல்சிறகு ட்ரெய்னர், அதாவது சிறகு உடலுக்கு மேலே இருக்கும், ஓட்டப் பழகுவதற்கான விமானம். பேட்டரியோடு 1.3 கிலோ வரும். ட்ரெய்னருக்குக் கிலோவுக்கு 200 வாட் தாராளம், ஆக 260 வாட். 3 எஸ் லைப்போ (மூன்று செல்லைத் தொடராக இணைத்த லித்தியம் பாலிமர் பேட்டரி) சுமை ஏறும்போது 11 வோல்ட் தரும் என்று வைத்தால், மின்னோட்டம் 24 ஆம்பியர்.

அடுத்து ப்ரொப்பெல்லர். என்னைக் கேட்டால் முழு விமானத்தின் குணமும் இதில்தான் இருக்கிறது. நான் சொன்னது 11x5.5, அதாவது விட்டம் 11 அங்குலம், பிட்ச் (ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம்) 5.5 அங்குலம்: அகலமான விட்டம், குறைந்த பிட்ச். நிமிடத்துக்கு 8,000 சுற்றில் பிட்ச் வேகம் மணிக்கு 67 கிலோமீட்டர். ட்ரெய்னருக்கு அது போதும். இதே மோட்டாரில் 12 அங்குலம் மாட்டலாமா என்றான். பிட்ச் மாறாமல், அதே சுழற்சியில், விட்டம் ஒரு அங்குலம் கூடினாலே தேவைப்படும் சக்தி 40 விழுக்காடு எகிறும். மோட்டார் அதை வெப்பமாகத்தான் நமக்குக் காட்டும்.

இவ்வளவும் தெரிந்தபின் மோட்டார் தானாக வந்துவிடும்: 900 கேவி அளவில் (சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 900 சுற்று), 300 வாட்டுக்கு மேல் தாங்குவது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி 40 ஆம்பியர். 30 போதும் என்பார்கள். நம் ஊர் 32 டிகிரி வெயிலில் எனக்கு அது போதாது. விமானத்தின் மூக்கில் காற்று நுழையும் துளையைவிட வெளியேறும் துளை பெரிதாக இருக்கட்டும். எல்லாம் பூட்டியதும் வாட் மீட்டரைப் பேட்டரிக்கும் இஎஸ்சிக்கும் இடையில் இணைத்து, விமானத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, முழு த்ராட்டிலில் சில வினாடி பார்க்கவேண்டும். 24 ஆம்பியரை வெகுவாகத் தாண்டினால் ப்ராப்பைச் சிறிதாக்கு, மோட்டாரைத் தொடாதே.

பேட்டரி 2,200 எம்ஏஎச் (2.2 ஆம்பியர்-மணி கொள்ளளவு), 25 சி (அந்த எண்ணைப்போல் 25 மடங்கு ஆம்பியர் தரலாம் என்று பொருள்). காகிதக் கணக்கில் 55 ஆம்பியர் தரும், நமக்குப் பாதிகூட வேண்டாம். ஆனால் இங்கே மத்தியான இடிமழை திட்டத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கும். முழுதாக ஏற்றிய லைப்போவை அப்படியே வீட்டுக்குள் வைக்காமல், அன்றைக்கே செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கிவிடு என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும், அக்காவிடமும் சொல்லிவிட்டேன்.