ஓப்ராக் மேட்டிலிருந்து கோங்க் வரை: ஐந்து நாள் நடை

ஸ்பெயினில் உள்ள கிறிஸ்தவப் புண்ணியத் தலமான சான்டியாகோவுக்குப் போகும் பிரெஞ்சு யாத்திரைப் பாதைகளை 1998-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மொத்தம் 78 இடங்கள். பேராலயங்கள், மடங்கள், பாலங்கள், பழைய மருத்துவச் சாலைகள் என்று வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். நஸ்பினால் ஊரிலிருந்து ஸேன்-ஷெலி-தோப்ராக் ஊர் வரை, 17 கிலோமீட்டர், பாதை. அவ்வளவுதான் போட்டிருந்தது. இப்படி ஏழு இடங்களில் வெறும் பாதையையே பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். மாடும் மனிதரும் நடந்து நடந்து உண்டான தடத்துக்கு, கோபுரத்துக்குத் தரும் அதே மரியாதை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. போனால் அந்தப் பாதைக்குத்தான் போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பாரிஸுக்கு வந்து ஆறு வருடமாகியும் நான் கிராமப்புற பிரான்சை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன். அந்த ஜூனில் ஊரிலிருந்து அக்கா வந்திருந்தாள். அவளிடம் கேட்டேன். "எத்தனை நாள் நடக்கணும்?" என்றாள். ஐந்து நாள், 110 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே என்றேன். "பை கனமா இருக்கக் கூடாது, அதை மட்டும் பாத்துக்கோ" என்றாள். சரி, கிளம்பிவிட்டோம்.

பாரிஸிலிருந்து க்ளெர்மோன்-ஃபெரான், அங்கிருந்து மலைப் பாதையில் மெதுவாக ஏறும் இன்னொரு ரயில். ஓமோன்-ஓப்ராக் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கினோம். ஜி.ஆர். 65 என்ற நெடுநடைப் பாதை இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. லு புய் நகரத்தில் தொடங்கி ஸ்பெயின் எல்லை வரை போகும் பாதை இது. லு புய் ஆயர் (பிஷப்) கோதஸ்கால்க் 950-ஆம் ஆண்டுவாக்கில் அங்கிருந்து கிளம்பி சான்டியாகோ வரை போனார். பிரான்சிலிருந்து போன யாத்திரிகர்களில் பெயர் தெரிந்த மிகப் பழையவர்களில் அவர் ஒருவர். இன்றைக்கு அந்த வழியைக் காட்டுவது மரத்திலும் கல்லிலும் பூசிய இரண்டு பட்டைகள், மேலே வெள்ளை, கீழே சிவப்பு. பெருக்கல் குறி போல இரண்டும் குறுக்காக இருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. பிரான்ஸ் முழுக்க இந்த அடையாளங்களைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். நமக்கு முன்னால் யாரோ ஒருவர் டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு இதே ஏற்றத்தில் ஏறியிருக்கிறார் என்ற நினைப்பு வழி முழுக்க என்னுடன் வந்தது.

ஓப்ராக் என்பது எரிமலைக் குழம்பும் கருங்கல்லும் சேர்ந்து உருவான மேட்டுநிலம். 1,000 மீட்டருக்கு மேலே, மரமே இல்லாமல், கண்ணுக்கு எட்டிய வரை புல். நாங்கள் போன நேரம் புல்லுக்கு நடுவே வெள்ளை நார்சிசஸ் பூத்திருந்தது. இந்தப் பூவை அள்ளிக்கொண்டு போய்த்தான் வாசனைத் திரவியம் செய்கிறார்கள். முதல் நாள் 26 கிலோமீட்டர் நடந்து நஸ்பினால் போய்ச் சேரும் வரை அந்த வாசனை விடவில்லை.

ஓப்ராக் மாடுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கோதுமை நிறம். கண்ணைச் சுற்றி மை தீட்டியது போல கறுப்பு விளிம்பு. மே மாதக் கடைசியில் பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்து இவற்றுக்குப் பூவும் கொடியும் கட்டி, கழுத்தில் பெரிய மணி மாட்டி, மேலே ஓட்டி வருவார்கள். அக்டோபர் வரை மாடுகள் இங்கேதான். பாதை அவற்றின் மேய்ச்சல் நிலத்துக்கு உள்ளேயே போகிறது. ஒவ்வொரு வேலியிலும் ஒரு படல் இருக்கும். திறந்து, உள்ளே போய், மறுபடி சாத்த வேண்டும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகக் கூடாது. இந்த இரண்டும்தான் இங்கே சட்டம்.

இரண்டாம் நாள் காலையில் நஸ்பினாலில் இருந்து கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மரம் இல்லாத நிலத்தில் வழியடையாளம் இருப்பது அங்கங்கே நட்ட கம்பங்களில்தான். அந்தக் கம்பங்களும் மறைந்துவிட்டன. மாட்டு மணிச் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் கேட்கிறது, மாடு ஒன்றும் கண்ணில் படவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அக்கா என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். அப்புறம் கைக்குத் தட்டுப்பட்ட கற்சுவர் ஒன்றை ஒட்டியே நடக்கத் தொடங்கினோம்.

அந்தச் சுவர் சாந்து பூசாதது. கல்லின் மேல் கல்லை அடுக்கி, இடைவெளியில் சின்னக் கல்லைச் செருகி, எடையாலேயே நிற்க வைத்தது. பனி கொஞ்சம் விலகியபோது, சுவர் சரிந்திருந்த இடத்தில் ஒரு பெரியவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். வணக்கம் சொன்னோம். நிமிர்ந்து பார்த்து, பாதை எந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். அப்புறம் அக்காவின் காலடியில் கிடந்த கல்லைக் காட்டி, எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். அக்கா இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தாள். அவர் அதை மூன்று தரம் திருப்பிப் பார்த்தார். தட்டையான பக்கத்தைக் கண்டுபிடித்து, இரண்டு கல்லுக்கு நடுவே வைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். கல் உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு குளிர்காலமும் உறைபனி கல்லைத் தள்ளிவிடுமாம், வசந்தம் வந்ததும் எடுத்து வைக்க வேண்டுமாம். அவருடைய அப்பாவும் இதே சுவரைத்தான் கட்டினாராம். யுனெஸ்கோ பாதுகாக்கும் 17 கிலோமீட்டரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு கல் இருக்கிறது என்று அக்கா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பத்து மணிவாக்கில் ஓப்ராக் ஊர் வந்தது. ஊர் என்றால் ஒரு தேவாலயம், ஒரு சதுரக் கோபுரம், சில வீடுகள். 12-ஆம் நூற்றாண்டில் இங்கே யாத்திரிகர்களுக்காக ஒரு மடமும் மருத்துவச் சாலையும் எழுந்தன. அதலார் என்ற ஃப்ளாண்டர்ஸ் பிரபு யாத்திரை வழியில் இந்த மேட்டில் ஆபத்தில் மாட்டிக்கொண்டு, பிழைத்தால் இங்கே ஒரு தங்குமடம் கட்டுவதாக வேண்டிக்கொண்டார் என்று சொல்கிறார்கள். அந்த மடத்தில் வழி தவறியவர்களுக்கென்றே ஒரு மணி இருந்தது. மூடுபனியிலும் பனிப்புயலிலும் இரவில் மணிக்கணக்காக அதை அடிப்பார்கள். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மனிதர்கள் வந்து சேர்வார்கள். 'திசை தவறியவர்களைத் திரும்ப அழை' என்று அதில் லத்தீனில் பொறித்திருந்தது. பனியில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தவர்களுக்கு அந்த வரி என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தேவாலயத்துக்குள் போய் ஈரச் சட்டையோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அன்றைய மதியச் சாப்பாடு அலிகோ. உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, வெண்ணெய், பாலேடு, பூண்டு சேர்த்து, உப்புப் போடாத இளஞ்சீஸைத் துண்டு துண்டாகப் போட்டு, மரக் கரண்டியால் விடாமல் கிண்டுகிறார்கள். கிண்டக் கிண்ட அது நூல் விட ஆரம்பிக்கும். பரிமாற வந்த அம்மா கரண்டியைத் தன் தலைக்கு மேலே தூக்கினார். சட்டியிலிருந்து பட்டுத் துணி போல ஒரே வீச்சாக எழுந்து வந்தது, அறுபடவே இல்லை. மேட்டில் அங்கங்கே தனியாக நிற்கும் 'பூரோன்' என்ற கற்குடில்களில்தான் முன்பு மேய்ப்பர்கள் கோடை முழுக்கத் தங்கி சீஸ் செய்தார்கள். அந்தத் தொழில் அழியும் நிலைக்குப் போனபோது, 1960-இல் லையோல் ஊரில் விவசாயிகள் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். இன்றைக்கு அலிகோ நம் தட்டில் விழுகிறது என்றால் அவர்களால்தான்.

ஓப்ராக்கிலிருந்து ஸேன்-ஷெலிக்கு எட்டு கிலோமீட்டரில் 500 மீட்டர் இறக்கம். முழங்காலுக்குக் கஷ்டம்தான், கைத்தடி அவசியம். கீழே போரால்த் ஓடையின் மேல் பழைய பாலம், அதன் மேல் ஒரு கற்சிலுவை. சிலுவையின் அடியில் ஒரு யாத்திரிகரைச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சாமி சிலைகளைத் தொட்டுக் கும்பிடும் பழக்கத்தில் அக்கா அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தங்கியதெல்லாம் 'ஜீத்' என்று சொல்லும் நடைப்பயணிகள் விடுதிகளில். வாசலிலேயே ஷூவைக் கழற்றி வைக்க வேண்டும், இரவுச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே மேசையில். சைவம் என்றால் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மே, ஜூன், செப்டம்பரில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும்.

மூன்றாவது, நான்காவது நாள் லோத் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஸேன்-கோம் ஊரின் தேவாலயக் கூம்பு தீச்சுடர் போல முறுக்கிக்கொண்டு நிற்கிறது. எஸ்பலியோனுக்குச் சற்று முன்னால், கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே, பெர்ஸ் என்ற செந்நிற மணற்கல் தேவாலயம். பாதையை விட்டு நூறடி விலகினால் போதும், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எஸ்பலியோனின் பழைய பாலமும் அதே சிவப்புக் கல். கடலே இல்லாத இந்த ஊர்க்காரர்கள் ருக்கெய்ரோலும் தெனெய்ரூஸும்தான் 1860-களில் மூழ்குவோருக்கான சுவாசக் கருவியை உருவாக்கினார்கள். எஸ்தேன் கோட்டையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டினோம், கோலின்யாக் ஏற்றம் காத்திருந்தது.

ஐந்தாம் நாள் கோங்க், எங்கள் நடை முடியும் மடாலய ஊர். கடைசி இறக்கம் செங்குத்தானது. இரண்டு பக்கமும் மண்கரை எழும்பி, நடுவில் கற்கள் துருத்திக்கொண்டிருக்கும் பள்ளப்பாதை. மர இடைவெளியில் முதலில் தெரிவது கூரைகள்தான், மீன் செதில் போல அடுக்கிய சாம்பல் நிறப் பலகைக் கல். அப்புறம் திடீரென்று ஊருக்குள் இருக்கிறோம், எதிரே மடாலயத்தின் கோபுரங்கள்.

வாசலுக்கு மேலே அரைவட்டத்தில் இறுதித் தீர்ப்பைச் செதுக்கியிருக்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டு, 124 உருவங்கள். நடுவில் கிறிஸ்து, ஒரு பக்கம் சொர்க்கம், ஒரு பக்கம் நரகம். நரகத்தில் கஞ்சன் கழுத்தில் பணப்பையோடு தொங்குகிறான், குதிரையிலிருந்து ஒரு வீரன் தலைகுப்புற விழுகிறான். சொர்க்கத்தின் ஓரத்தில் இந்த மடாலயத்தின் புனிதரான புனித ஃபுவா குனிந்து மண்டியிட்டிருக்கிறாள், வானத்திலிருந்து ஒரு கை அவளை நோக்கி நீள்கிறது. அவளுக்குப் பின்னால் இரும்புக் கைவிலங்குகள் தொங்குகின்றன, அவளை வேண்டி விடுதலையான கைதிகள் கொண்டுவந்து மாட்டியவை. இங்கும் அங்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய வண்ணத்தைக்கூடப் பார்க்கலாம்.

அன்று மாலை வெள்ளை அங்கி அணிந்த துறவி ஒருவர் படிக்கட்டில் எங்களையெல்லாம் உட்காரவைத்து இதை விளக்கினார். கடைசியில், வெளி விளிம்பைப் பாருங்கள் என்றார். அதுவரை நான் கவனிக்கவே இல்லை. கல் விளிம்பு ஒரு துணிச்சுருள் போல இருக்கிறது. அதற்குப் பின்னாலிருந்து சின்னச் சின்ன முகங்கள் மூக்கு வரை எட்டிப் பார்க்கின்றன. ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் விரல்கள், விளிம்பை இறுகப் பிடித்தபடி. 'ஆர்வக்காரர்கள்' என்று இங்கே இவர்களுக்குப் பெயர். 900 வருடமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

1837-இல் நினைவுச்சின்ன ஆய்வாளராக வந்த மெரிமே பார்த்தபோது இந்தக் கட்டடம் இடிந்துபோகும் நிலையில் இருந்தது. அவருடைய அறிக்கைக்குப் பிறகுதான் அரசு கைகொடுத்தது. அதற்கு முன்னால், பிரெஞ்சுப் புரட்சியின்போது, மடத்தின் பொக்கிஷங்களை ஊர் மக்கள் தங்கள் வீடுகளில் ஒளித்து வைத்துக் காப்பாற்றித் திருப்பித் தந்தார்கள். அதனால்தான் தங்கத் தகடு போர்த்த புனித ஃபுவாவின் திருவுருவத்தை இன்றைக்கும் இதே ஊரில் பார்க்க முடிகிறது. அகலமாகத் திறந்த கண்களோடு உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாள் விடியும்போதே மடாலயத்துக்குள் போனோம். ஜன்னல்கள் ஓவியர் பியேர் சூலாஜ் வடிவமைத்தவை. பக்கத்து ரொதேஸ் நகரத்தில் பிறந்தவர், 1994-இல் 104 ஜன்னல்களை இங்கே முடித்துக் கொடுத்தார். கண்ணாடியில் நிறமே கிடையாது, ஓவியமும் கிடையாது. வளைந்து சாயும் ஈயக் கோடுகள் மட்டும். வெளியே பார்க்க முடியாது, ஒளி மட்டும் வரும். முதலில் வடக்குப் பக்கம் நீலம் பாரித்தது. வெயில் ஏற ஏற கிழக்கு ஜன்னல்கள் இளஞ்சிவப்புக்கும் அப்புறம் வெண்மைக்கும் போயின. இவ்வளவு பழைய கட்டடத்தில் இவ்வளவு புதிய வேலையை இவ்வளவு பணிவோடு செய்ய முடியும் என்று நான் நினைத்ததில்லை.

எங்கள் நடை அங்கே முடிகிறது, பேருந்துக்கு இன்னும் நேரமிருந்தது. இரவு எங்கள் மேசையில் சாப்பிட்டவர்கள் முன்னதாகவே ஃபிஜாக் நோக்கிக் கிளம்பிவிட்டார்கள். தூர்து ஆற்றின் பழைய பாலத்தைத் தாண்டினால் எதிர்மலையில் ஏற்றம், பாதி உயரத்தில் புனித ஃபுவாவின் சின்ன ஆலயம். நாங்கள் மதில் ஓரமாக உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தோம். எதிர்மலையிலிருந்து மணிச்சத்தம் வந்தது, இரண்டு தரம், கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்றாவது தரம். அக்கா எழுந்து நின்று, மரங்களுக்கு நடுவே ஒருவரும் தெரியாத அந்தச் சரிவைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.