கானோவா, கனோவா?

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைல எங்க வீடு. வீட்டுக்குள்ள தமிழ், வீட்டுக்காரி வழியில மலையாளம். பம்ப் ஏற்றுமதி பண்ற கோயமுத்தூர்க் கம்பெனில குப்பை கொட்டுறதால எனக்குக் கொஞ்சம் ஸ்பானிஷ். இது போதாதா? மெஸ்ஸி பைத்தியமான என் மச்சான் ஸ்பானிஷ் கத்துக்க நோட்டும் கையுமா வந்து உக்காந்துட்டான்.

நிகழ்காலம் வரைக்கும் வண்டி ஓடுச்சு. இறந்தகாலத்துல பஞ்சர். மலையாளத்துல ஞானும் ஜயிச்சு, நீயும் ஜயிச்சு, அவரும் ஜயிச்சு. ஊரே ஜெயிச்சாலும் ஒரே ஜயிச்சுதான். ஸ்பானிஷ்ல கனே, கனாஸ்தே, கனோ, கனாமோஸ், கனாரோன்னு ஆளுக்கு ஒரு வால். "எந்தினா அளியா இத்ர?" (எதுக்கு மச்சான் இத்தனை?)ன்னு நொந்துட்டான்.

அடுப்படியில இருந்து எங்கம்மா, "ஏன் சாமி, ஜெயிச்சேன், ஜெயிச்சே, ஜெயிச்சான், ஜெயிச்சோம், ஜெயிச்சாங்க. நாமளும் அப்படித்தான பேசறோம்?"னாங்க. ரெண்டாயிரம் வருசத் தமிழ்ப் பெருமை அப்ப என் மூஞ்சில தெரிஞ்சிருக்கும். மச்சான் நோட்டை மூடிட்டான்.

அதுக்குள்ள 2024 கோபா அமெரிக்கா ஃபுட்பால் ஃபைனல். நமக்கு ஜூலை 15 காலைல, 112வது நிமிசம் அர்ஜென்டினாவோட லவுத்தாரோ மார்ட்டினெஸ் கோல் போட, கொலம்பியா காலி. உடனே ஃப்ளெக்ஸ் வைக்கணுமாம், அதுவும் ஸ்பானிஷ்ல: 'அர்ஜென்டினா கனோ', அதாவது அர்ஜென்டினா ஜெயிச்சிருச்சு. கடைசி ஓ தலையில சின்னதா ஒரு சாய்கோடு வரணும், அது இல்லாட்டி 'கானோ' ஆயிடும்னு எழுதியே குடுத்தேன். பொள்ளாச்சில அடிச்சு வந்துச்சு. கோட்டைக் காணோம்.

ஃபோன் போட்டா கடைக்காரர் ரொம்பப் பணிவா, "எழுத்து மேல தூசி மாதிரி ஒண்ணு இருந்துச்சுங்க. நாந்தான் சுத்தமா அழிச்சு விட்டேனுங்க."

கானோன்னா 'நான் ஜெயிக்கிறேன்'. மெஸ்ஸி படத்தைவிட அரையடி பெருசா, கூலிங் கிளாஸோட, கும்பிட்டபடி நிக்கிறது மச்சான். அதுக்கு மேல 'அர்ஜென்டினா, நான் ஜெயிக்கிறேன்'. பஞ்சாயத்து எலக்‌ஷனுக்கு நிக்கிறான்னே பாதிப் பேர் நினைச்சாங்க.

மறுபடி அடிக்கறப்ப 'கனாமோஸ்'னு மாத்திக் குடுத்தேன். அதுக்குத் தலைக்கோடே கிடையாது. 'ஜெயிச்சோம்'னும் படிக்கலாம், 'ஜெயிக்கிறோம்'னும் படிக்கலாம், அடுத்த கோப்பைக்கும் அதே ஃப்ளெக்ஸ் ஆகும். செலவை நினைச்சு மச்சானுக்குக் கண்ணே கலங்கிருச்சு.

எதிர்வீட்டு ஆட்டோ அண்ணன் பிரேசில் கட்சி. அந்தத் தடவை கால் இறுதியிலயே உருகுவேகிட்ட பெனால்டில போன கோஷ்டி. "எங்களுக்கும் அதே மாதிரி ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி"ன்னாரு. தோக்கறதுல அந்தச் சலுகை இல்லீங்கண்ணா. தோக்கறோம்னா பெர்தேமோஸ், தோத்துட்டோம்னா பெர்திமோஸ். குழப்பவே முடியாதுன்னேன்.

அதுவரைக்கும் வாயே திறக்காத மச்சான் எந்திரிச்சு அவரைப் பாத்து, "பெர்திஸ்தே!" திண்ணையில இருந்த மொத்த மஞ்ச பனியனையும் பாத்து, "பெர்தியேரோன்!"

வால் ஒண்ணுகூடத் தப்பலை.