வாத்துக்குள் ஒரு கோழி

மார்ச் 5, 2025

மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் நிலாம் என்கிற பள்ளி வாசிப்புத் திட்டப் பதிவைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருத்தி ஐந்து புத்தகங்களுக்கும் ஒரே சுருக்கம் எழுதியிருக்கிறாள்: "காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. பிறகு அது திருந்தியது." ஐந்தையும் எடுத்துப் பார்த்தேன். அவள்மேல் தப்பில்லை. ஒன்றில் மட்டும் நரி.

இடைவேளையில் வாசிப்பு மூலையில் இருந்த தமிழ்க் கதைப் புத்தகங்களை எண்ணினேன். 46. மன்னர் இருக்கிறார், மாந்தோப்பு இருக்கிறது, கிணற்றடி இருக்கிறது. அடுக்குமாடி வீடு ஒன்றுகூட இல்லை. நாசி லெமாக் சாப்பிடுகிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. பழைய கதைகள்மேல் எனக்குக் கோபமில்லை, நானும் அவற்றில் வளர்ந்தவள்தான். ஆனால் பினாங்கின் பிறை நகரில் மூன்றாவது மாடியில் வசிக்கும் பிள்ளைக்குக் கிணற்றடி என்றால் என்ன என்று காட்ட நான் யூடியூப் தேட வேண்டியிருக்கிறது.

மார்ச் 9

பாட்டியின் கோழியைப் பற்றி எழுதிவிட்டேன். ஒரே இரவில், அதுவும் 900 சொற்கள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பாட்டி மாதம் ஒருமுறை பாகானிலிருந்து (பட்டர்வொர்த்) கடல் தாண்டித் தஞ்சோங்குக்கு (தீவிலுள்ள ஜார்ஜ் டவுன்) தன் தங்கச்சியைப் பார்க்கப் போவார். 1985இல் பாலம் வந்தும் பாட்டிக்குப் பெரி என்கிற பயணக் கப்பல்தான். கீழே கார்கள், மேலே நாங்கள். பெரிகளுக்கெல்லாம் தீவுகளின் பெயர்: புலாவ் ரிமாவ், புலாவ் உண்டான், புலாவ் அங்சா. ஒரு தடவை கூடையில் ஒரு பெட்டைக் கோழியைப் போட்டுச் சாரத்தால் மூடிக் கொண்டுபோனார். பாதிக் கடலில் அது கூடையிலிருந்து வெளியே வந்துவிட்டது. மேல்தட்டு முழுக்க ஓட்டம். ஒரு சீனப் பெரியவர்தான் குடையை விரித்து அதை மடக்கினார்.

அந்தப் பெரியின் பெயர் அங்சாவா, உண்டானா என்று நினைவில்லை. கதையில் அங்சா என்று வைத்தேன். மலாயில் அங்சா என்றால் பெருவாத்து. வாத்துக்குள் ஒரு கோழி! தலைப்பு கிடைத்த பிறகுதான் தூக்கம் வந்தது.

உண்மையில் அந்தக் கோழி அன்று மத்தியானமே குழம்பாகிவிட்டது. பிள்ளை பெற்றவளுக்காகக் கொண்டுபோன கோழி. அதை எழுதவில்லை.

மார்ச் 14

வகுப்பில் வாசித்துக் காட்டினேன். 17 பேர். முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது: நான் வருணனைக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைகள் ஜன்னலுக்குப் போகிறார்கள். கடலின் நிறத்துக்கு மட்டும் நான்கு வரி எழுதியிருந்தேன். நான்காவது வரியில் ஒருவன் பென்சில் சீவ எழுந்துபோனான்.

கார் ஏறும் பெரி என்றதும் நம்பவே மறுத்தார்கள். இவர்கள் 2016இல் பிறந்தவர்கள். பழைய பெரிகள் 2020 டிசம்பரோடு நின்றுவிட்டன. 2023இல் வந்த புதுசில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான் ஏறலாம். "கார் ஏறினா முங்கிடாதா டீச்சர்?" என்று கேட்டார்கள். கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன். என் படத்தைப் பார்த்தால் முங்கிவிடும் போலத்தான் இருந்தது.

அப்புறம் பின் வரிசையிலிருந்து அந்தக் கேள்வி: "கோழிக்கும் டிக்கெட் எடுக்கணுமா?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். அந்தக் காலத்தில் பாகான் பக்கத்தில் மட்டும்தான் காசு வாங்குவார்கள். தீவிலிருந்து திரும்பக் காசில்லை. அப்படியென்றால் கோழி தஞ்சோங்கில் இறங்கவே வேண்டாம். ஒளிந்துகொண்டால் போதும், அதே பெரி அதை இலவசமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும். முடிவு கிடைத்துவிட்டது. குழம்பிலிருந்தும் தப்பிவிட்டது.

மார்ச் 21

இப்போது 410 சொற்கள். தட்டச்சு செய்து, இன்று பிள்ளைகளையே வாசிக்கச் சொன்னேன். நான் பென்சிலோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். திக்கிய இடத்தில் ஒரு கோடு, தலை தூக்கி என்னைப் பார்த்த இடத்தில் ஒரு வட்டம். மூன்று பேருக்குமேல் வட்டம் விழுந்த வரியை எடுத்துவிடுவது என்று முடிவு. எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரி ஏழு வட்டம் வாங்கியது.

எதிர்பாராத இடம் ஒன்று. "பெரி வந்தது" என்பதை நான்கைந்து பேர் "பெரிய வந்தது" என்றே வாசித்தார்கள். கண் பழகிய சொல்லை நாக்கு தானாகப் பூர்த்தி செய்துவிடுகிறது. "ஃபெரி" என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். யாரும் திக்கவில்லை. சரி, இனி ஃபெரிதான்.

ஏப்ரல் 14

சித்திரைப் புத்தாண்டு. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஐயாவிடம் ஆசி வாங்கப் போனேன், கையெழுத்துப் பிரதியையும் எடுத்துக்கொண்டு. வடையும் பாயசமும் முடிந்ததும் கண்ணாடியைப் போட்டார். வல்லினம் மிகும் இடங்களில் பதினொரு ஒற்று சேர்த்தார். அதற்கு அவர் காலில் இன்னொரு முறை விழலாம்.

ஃபெரியில் மட்டும் மாட்டிக்கொண்டார்.

"ஆய்த எழுத்தை இப்படிப் பயன்படுத்தலாமாம்மா? இது எந்த ஊர்? 1816இலேயே தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர். இங்கேயே இப்படியா?"

"எந்தப் பள்ளியில ஐயா தொடங்குனாங்க?"

"பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல."

"அத எழுதிக் காட்டுங்களேன்."

பேனாவை எடுத்தார், என்னைப் பார்த்தார், மூடி வைத்தார். "பாயசம் இன்னும் கொஞ்சம் போட்டுக்கம்மா" என்றார்.

ஏப்ரல் 25

தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்தேன். அரசு ஊழியருக்கான 1993ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி வெளியே காசு வரும் வேலை எதுவானாலும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். "இதில் காசு வருமா?" என்று கேட்டார். "வந்தால் உங்களிடம்தான் முதலில் சொல்வேன் சார்" என்றேன். மேலே அனுப்புவதாகச் சொன்னார்.

மே 31

பள்ளி விடுமுறை. படம் போடுகிறவள் வந்தாள். என் பழைய மாணவிதான், இப்போது கல்லூரியில் வரைகலை படிக்கிறாள். "டீச்சர், கத ஓகே. ஆனா பக்கத்த நீங்க யோசிக்கவே இல்ல."

உண்மைதான். நடுவில் கம்பி அடித்துத் தைக்கிற புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் வரும். 32 பக்கம் என்று வைத்துக்கொண்டு, தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம் எல்லாம் போனால் கதைக்கு 28. தரையில் 28 காகிதத் துண்டுகளைப் பரப்பினாள். சோறு வெந்துகொண்டிருந்ததையே மறந்துவிட்டேன்.

அவள் சொல்லிக் கொடுத்தது இது. புத்தகத்தை விரித்தால் வலப் பக்கத்தில் இருப்பது கேள்வி, திருப்பினால் இடப் பக்கத்தில் பதில். நான் கோழி தப்புவதையும் பாட்டி கூடையைத் திறப்பதையும் எதிரெதிர் பக்கங்களில் வைத்திருந்தேன். கோழி இல்லை என்பது பாட்டிக்குத் தெரிவதற்கு முன்பே பிள்ளைக்குத் தெரிந்துவிடும். இப்போது வலப் பக்கத்தில் பாட்டி சாரத்தின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். திருப்பினால் வெறும் கூடையும் ஓர் இறகும். அந்தப் பக்கத்தில் சொல்லே இல்லை. நான் எழுதியிருந்த மூன்று வரிகளையும் அந்த இறகு செய்துவிட்டது.

இருபது வருஷம் கதை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பக்கம் திருப்புவதும் கதைதான் என்று ஒரு மாணவி வந்து சொல்ல வேண்டியிருந்தது. சோறு கருகிவிட்டது. ரொட்டி சானாய் வாங்கிவரச் சொன்னோம்.

ஜூன் 14

அச்சுக்கூலி விசாரித்தேன். 200 பிரதி என்றால் ஒன்றுக்கு 9 வெள்ளி (ரிங்கிட்), மொத்தம் 1,800. 500 என்றால் ஒன்றுக்கு 5 வெள்ளி 80 சென், மொத்தம் 2,900. ஆப்செட்டில் தகடு செய்கிற செலவு ஒன்றேதான், எவ்வளவு அதிகம் அடிக்கிறோமோ அவ்வளவு அது பிரிந்துபோகும் என்று அச்சகத்துக்காரர் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார். "500 போடுங்க சிகு (டீச்சர்), அப்புறம் வருத்தப்படுவீங்க" என்று மலாயில் சொன்னார். எதற்காக வருத்தப்படுவேன் என்று சொல்லவில்லை.

பினாங்கில் இருப்பது 28 தமிழ்ப்பள்ளிகள். ஒவ்வொன்றும் ஐந்து வாங்கினாலும் 140தான். மீதி?

கூட்டுப் பணம் (சீட்டு) இந்த மாதம் எனக்கு விழுகிறது, 3,000. சமையலறை அலமாரிக்கென்று வைத்திருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அலமாரி அடுத்த வருஷம் போட்டுக்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஐந்நூறு புத்தகத்த எங்க வைப்ப? அலமாரிதான் இல்லையே."

ஜூலை 4

கோலாலம்பூர் தேசிய நூலகத்திடமிருந்து ஐஎஸ்பிஎன் எண் வந்துவிட்டது. இணையத்திலேயே விண்ணப்பித்தேன். பதிப்பாளர் என்ற கட்டத்தில் என் பெயரையே எழுதும்போதுதான் கை கொஞ்சம் தயங்கியது. 13 இலக்கம். வகுப்பில் எழுதிப் போட்டேன். "இது கோழியோட ஐசி நம்பரா?" என்றான் ஒருவன், அடையாள அட்டை எண்ணை நினைத்து. ஆமாம் என்றேன்.

அனுமதிக் கடிதமும் போன வாரமே வந்துவிட்டது, இங்கே எழுத மறந்துவிட்டேன்.

ஜூலை 26

மாதிரிப் பிரதி பார்க்கப் போனேன். வயிறு எரிந்தது.

'கோழி' என்ற சொல்லின் இரட்டைக் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'கெ', 'கே', 'கொ', 'கோ' எல்லாமே அப்படித்தான். எழுத்து முன்னால் அனாதையாக, கொம்பும் காலும் அதன் பின்னால். பக்க அளவைச் சரிசெய்ய அவர்கள் எழுத்தைத் தங்கள் மென்பொருளில் மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். அதில் நம் எழுத்துகளைக் கோக்கும் வசதியை முடுக்கிவிடவில்லை. அங்கே ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர்கள் கண்ணுக்கு அது அழகாகத்தான் இருந்திருக்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கொம்பு எங்கே போடுவது என்று கைப்பிடித்து எழுதிக் கொடுக்கிற எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

ஃபெரியின் மஞ்சளும் மங்கிப் பழைய செங்கல்போல ஆகியிருந்தது. திரையில் ஒளி, தாளில் மை, இரண்டும் ஒன்றாக வராது என்கிறாள் மாணவி. இரவோடு இரவாக அவளே எழுத்துகளையெல்லாம் படவடிவமாக மாற்றிப் பிடிஎஃப் கொடுத்தாள். இனி யாரும் கொம்பைக் கழற்ற முடியாது.

அந்த அவசரத்தில், கோப்பைப் பூட்டுவதற்கு முன், நானும் ஒரே ஒரு வரியை மாற்றினேன். "ஃபெரி ஊதியது, கோழி கத்தியது" என்று இருந்தது. "ஃபெரி கூவியது, கோழியும் கூவியது" என்று போட்டேன். காதுக்கு இனிமையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 16

பத்துப் பெட்டி, ஒவ்வொன்றிலும் 50. வரவேற்பறையில் சோபாவுக்குப் பக்கத்தில் அடுக்கியாகிவிட்டது. மை வாசனை. ஒன்றைப் பிரித்துப் பாட்டி படத்தின் முன்னால் வைத்தேன். கோழி தப்பிவிட்டது என்று பாட்டிக்குத் தெரிந்தால் திட்டுவார்.

ஆகஸ்ட் 18

வகுப்புக்கு 17 பிரதி கொண்டுபோனேன். வாசித்தார்கள். வெறும் கூடைப் பக்கத்தில் எல்லோரும் "ஐயோ" என்றார்கள். ஒரே சமயத்தில் இல்லை, ஒவ்வொருவரும் அந்தப் பக்கம் வரும்போது. வகுப்பில் அங்கங்கே ஐயோ, ஐயோ என்று கேட்டுக்கொண்டிருந்தது. அதற்காகவே இன்னொரு அலமாரிப் பணத்தைக் கொடுப்பேன்.

அப்புறம் கம்பத்து (கிராமத்து) வீட்டிலிருந்து வருகிறவன் கையைத் தூக்கினான். அதிகம் பேசாத பையன்.

"டீச்சர், பெட்டக் கோழி கூவாது. சேவல்தான் கூவும். பெட்ட கொக்கரிக்கும்."

வகுப்பு என்னைப் பார்த்தது. ஐயா பார்த்தபோது அந்த வரி அப்படி இல்லை. பிள்ளைகள் வாசித்தபோதும் இல்லை. நான் ஒருத்தியாக உட்கார்ந்து மாற்றிய ஒரே வரி அதுதான்.

"எங்க வீட்ல பதினாறு கோழி இருக்கு டீச்சர்" என்றான், ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல.

ஆகஸ்ட் 23

லெபோ பசாரில் ஒரு கடையில் 20 பிரதி எடுத்துக்கொண்டார்கள். விலை 15 வெள்ளி, விற்றால் 40 விழுக்காடு அவர்களுக்கு. கணக்கைப் போட்டுப் பார்த்தேன், அப்புறம் போடவில்லை.

ஆகஸ்ட் 24

கறுப்பு மைப் பேனா. பக்கம் 17. 'கூவியது' மேல் ஒரு கோடு, பக்கத்தில் 'கொக்கரித்தது.' நேற்றிரவிலிருந்து 140 பிரதி முடிந்தது. அவரும் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கையெழுத்து சரியில்லை, கோடு மட்டும் போடச் சொன்னேன்.

1986ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். நாளை தபால் நிலையம். அந்த ஐந்தை மட்டும் அச்சடித்தபடியே சுத்தமாக அனுப்பிவிடலாமா என்று கொஞ்ச நேரம் பெட்டியை மூடாமல் யோசித்தேன். பிறகு வெளியே எடுத்து, அவற்றிலும் கோடு போட்டு, நிதானமாக, வகுப்புப் பலகையில் எழுதுகிற என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். மை காயட்டும் என்று ஐந்தையும் மேசைமேல் விரித்து வைத்திருக்கிறேன்.